பின்னால் வந்த உடம்பு

"...பின்னாடி வார அம்மணியையும் வெரசா வரச் சொல்லுங்க. காட்டெருமை உள்ள வந்துரும், கேட்டைச் சாத்தோணும்" என்றார் ஃபேக்டரி வாட்ச்மேன்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பனிதான் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. பறிக்கிற கூலிக்குக்கூடக் காணாது என்று பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அரவேணுவில் என் மளிகைக் கடைக்குக் கீழே இருந்த அந்த ஃபேக்டரியும் மூடிக் கிடந்தது. எனக்கோ சர்க்கரை நோய் வந்திருந்தது. முன்பு ஒருமுறை கஞ்சியைக் குடித்தே இளைத்து, விட்ட எடைக்கு மேலாகவே திரும்ப வாங்கிக்கொண்டவள் நான். குன்னூர் டாக்டரம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். "பட்டினியில இளைக்கறது வாடகை வீடுங்க, காலி பண்ண வெச்சுரும். மெதுவா இளைங்க. இளைச்ச பொறவும் இதே சாப்பாடு, இதே நடை. இந்தத் தடவ திரும்பி வந்தா காலுக்கு நான் பொறுப்பில்ல."

தட்டில் பாதி பீன்ஸும் கோசும் ஆயிற்று. சாயங்காலம் ஃபேக்டரி வரை நடை. ஊரே வேலையில்லாமல் இளைத்த நாளில் நான் வேண்டுமென்றே இளைத்தேன். வெளியே சொல்ல முடியுமா? "அரிசி மூட்டைக்கு நடுவுல உக்காந்துட்டு நீங்க எதுக்குங்க இளைக்கறீங்க?" என்று கடையில் கேலி. இலங்கையிலிருந்து வந்து தோட்டத்து லயத்து வீட்டில் குடியிருந்த ஓர் அக்கா மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "அந்த ஒடம்ப எங்க விட்டுட்டு வந்தீங்க, தங்கச்சி? சும்மா விட்டா தேடிக்கிட்டு வருமே."

வாட்ச்மேன் முன்பு அங்கேயே தேயிலைக் கொழுந்துக்கு எடை போட்டவர். மாதம் ஒருமுறை, தராசுக் கொக்கியில் சாக்கைத் தூளி போலக் கட்டி என்னை நிறுப்பார். நனைந்த கொழுந்துக்கு ஈரத்தைக் கழித்து எடை போடுவது அங்கே வழக்கம். கைப் பழக்கத்தில் எனக்கும் கழிப்பார்.

"நான் என்ன கொழுந்துங்களா?"

"கொழுந்தா? முத்துன இலைங்க அம்மணி."

கழித்த எடையை நானும் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டு வருவேன்.

இரண்டாம் வருஷம் மழை விடாமல் பிடித்தது. நடை நின்றது. கடைக்குள் குளிருக்கு டீ, டீக்கு வர்க்கி பிஸ்கட். டின் கைக்கெட்டும் தூரத்தில். மழை விட்டு முதல் முதலாக நான் நடந்து போன சாயங்காலம்தான், பின்னாடி வரும் அம்மணியையும் வரச் சொல்லுங்க என்று வாட்ச்மேன் சொன்னது.

"யாருமே இல்லீங்களே" என்றேன்.

"நல்ல பருத்த உடம்பு. மூச்சு வாங்கிட்டே வாராங்க. நீங்க நின்னா அவங்களும் நிக்கறாங்க."

அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது, உண்மைதான். ஆனால் அந்த மூச்சு எனக்கும் கேட்டது. மாடிப்படி ஏறினால் முன்பெல்லாம் எனக்கு வாங்குமே, அதே மூச்சு. கேட்டுக்கு வெளியே, நிதானமாக.

போய்த் தராசில் உட்கார்ந்தேன். கால் தரையை விட்டது. முள் ஏறியது, ஏறிக்கொண்டே போய் நின்றது. வாட்ச்மேன் சொன்னது எப்போதோ நான் தாண்டி வந்த எடை.

"ஈரத்துக்குக் கழிக்கலீங்களா?"

"கழிச்சுத்தானுங்க சொல்றேன்."

சாக்கு என் இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. வாட்ச்மேன் முகத்தைப் பார்த்தேன், கேலி இல்லை. "ஒவ்வொருத்தரா உக்காருங்க அம்மணி. ரெண்டு பேரும் சேந்து உக்காந்தா நான் எப்படிங்க எடை சொல்றது?"

இறங்கினேன். பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. அத்தனை நாள் பாடுபட்டு இறக்கியதை மறுபடி சுமப்பதா? "இப்பப் பூட்டாதீங்க. இந்த ஃபேக்டரியைச் சுத்தி நடந்துட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன். நாளைக்கும் வருவேன்" என்றேன். சொன்னது அவருக்கல்ல, அந்த மூச்சுக்கு.

அவர் தலையை ஆட்டினார். தடியை எடுத்துக்கொண்டு துணைக்குக் கூடவே நடந்து வந்தார், எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக நடக்கிற அளவுக்கு இடம் விட்டு.