காலைத் தொடாமல் கட்டுப் போட முடியுமா

அந்தக் கோடையில் ஒருநாள், வங்காளத்தில் நாங்கள் இருக்கும் ஊரில், லேக் கார்டன்ஸ் பக்கம் இருக்கிற கோயிலில் உச்சி வெயிலில் பிரகாரம் சுற்றிவிட்டு வந்தாள் என் மனைவி. வெறுங்கால்தான். கோயிலில் செருப்போடா சுற்றுவார்கள்? கல் சுட்டது அவளுக்குத் தெரியவில்லை. சர்க்கரை வியாதி பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ கொண்டுபோய்விட்டது. வீட்டுத் தரையில் ஈரத்தடம் பார்த்துத்தான், மெட்டி விரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்திருப்பது தெரிந்தது.

அவளே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். குனிந்து அடிப்பாதத்தைப் பார்க்க முழங்கால் விடாது. பார்க்காமலே கட்டினாள். கொஞ்ச நாளில் வாடை வந்தது, விரல் வீங்கியது. ஆஸ்பத்திரியில் மெட்டியைக் கழற்றி, புண்ணைச் சுத்தம் செய்து, மருந்தும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். தினமும் சுத்தமாகக் கட்டுப் போட வேண்டும், மறுபடி சீழ் பிடித்தால் விரலை எடுக்கும்படி ஆகும் என்றார். எப்படிக் கட்டுவது என்று நர்ஸ் எனக்குக் காட்டிக் கொடுத்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கிடர்பூர் துறைமுகத்தில் காலமெல்லாம் கயிறு இழுத்த கை என்னுடையது. கட்டுவதற்கு நான் பயப்படவில்லை. அவள் காலை நீட்டவில்லை.

"நீங்க என் காலைத் தொடறதாவது. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"விரல் போயிடுமாம்."

"போகட்டும். சாமி கொடுத்தது, சாமி எடுத்துக்கட்டும்."

"சாமி ஒண்ணும் கேக்கலை. டாக்டர்தான் கேக்கறார்."

சிரிக்கவில்லை அவள். நானும் சாமி கும்பிடாமல் காபி குடிக்காதவன். அவள் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. யோசித்துவிட்டுக் கேட்டேன்: "அம்மி மிதிக்கறப்ப உன் காலைத் தூக்கி வச்சது யாரு? இதே விரலுக்கு மெட்டி போட்டது யாரு?"

"அது அக்கினி சாட்சியா. ஐயர் சொன்னார், செஞ்சீங்க."

"இப்ப டாக்டர் சொல்றார், செய்யறேன்."

 அவள் காலை மெதுவாக ஸ்டூல் மேல் வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மின்விசிறியை நிறுத்தினேன், தூசி பறக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவி, சாதாரணக் கையுறையோடு பழைய கட்டைப் பிரித்தேன். ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் பிய்க்காமல் சலைன் என்கிற உப்புநீரை விட்டு ஊறவைத்தேன். அந்தக் கையுறையையும் கட்டையும் பையில் போட்டுவிட்டு மறுபடி கை கழுவினேன். காஸ் என்கிற கட்டுத்துணி இருந்த உறைகளை ஓரத்தைப் பிடித்துப் பிரித்து வைத்தேன். பிறகு கிருமி நீக்கிய ஸ்டெரைல் கையுறை. இதைப் போட்டபின் புண்ணையும் காஸையும் தவிர எதையும் தொடக் கூடாது.

போட்டு முடித்தேனோ இல்லையோ, "மன்னிச்சுக்கோங்க" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"போச்சு" என்றேன்.

"என்ன போச்சு?"

"கையுறை."

கழற்றி எறிந்துவிட்டு, மறுபடி கை கழுவி, வேறு ஜோடி எடுத்தேன். "மன்னிப்பெல்லாம் சோப்புப் போடறதுக்கு முன்னாடியே கேட்டுடு" என்றேன். அப்போதுதான் சிரித்தாள்.

சலைன் நனைத்த காஸால் புண்ணின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் துடைத்தேன். ஒருமுறை துடைத்ததை மறுபடி வைக்கவில்லை. புது காஸை, புண்ணில் படுகிற பக்கம் கை படாமல் வைத்து, இறுக்காமல் சுற்றினேன். அவள் வாய்க்குள் கந்தர் சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அது துணையாகத்தான் இருந்தது.

அதன்பின் தினமும் முதலில் கும்பிடு, அப்புறம் சோப்பு. மழை பிடித்த பிறகு ஒருநாள் டாக்டர் கட்டைப் பிரித்து, புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். சிவப்பாகப் புதுச்சதை வந்திருந்தது. "விரல் இருக்கட்டும்" என்றார்.  இவள், கோயிலுக்கு எப்போது போகலாம் என்று கேட்கச் சொன்னாள். டாக்டர் வங்காளி, அந்த மொழி அவளுக்கு அவ்வளவு வராது. நான் கேட்டேன். ஆறினதும் போகலாம், வெறுங்காலோடு மட்டும் கூடாது என்றார்.

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "சாக்ஸ் போட்டுக்கிட்டுச் சுத்தினா குருக்கள் ஏதாவது சொல்வாரா?"

"சொன்னா நான் பேசிக்கறேன். வெயிலுக்கு முன்னாடி போயிட்டு வந்துடுவோம்" என்றேன்.