மீரான் சாயபு எழுதாத வரி

கார்டு ஆத்தூருக்கு வந்து சேர்ந்தபோது மீரான் சாயபுவை அடக்கம் செய்து நான்கு நாளாகியிருந்தது. அவருடைய மருமகன் எழுதியிருந்தார்: "மாமா போன வெள்ளிக்கிழமை மவுத்தாகிவிட்டார்கள். உங்களுக்குத் தெரிவிக்கும்படி மாமா சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்." அந்த நடு வாக்கியத்தை அவர் விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் அந்த மாமனாரோடு இருந்து பழகியவருக்கு உள்ளதை மறைத்து எழுத வராது போலிருக்கிறது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழவில்லை. என் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுவாரம் சேலத்தில் இரங்கல் கூட்டம் என்றார்கள். போனேன். தலைமை வகித்தவர் ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். மீரான் சாயபு கொண்டுவந்த ஒரு செய்திக்காக எங்கள் வாரப் பத்திரிகையைக் கோர்ட்டுக்கு இழுத்தவர். இப்போது கதர்ச் சட்டை போட்டிருக்கிறார்; சட்டை மட்டும் புதிது. "அஞ்சா நெஞ்சர்" என்றும், "உண்மையின் உறைவிடம்" என்றும் அரை மணி நேரம் பேசினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். கை கூடத் தட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டுவதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அது பொய். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

மீரான் சாயபு தோல் வியாபாரக் குடும்பம். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் தோல் வாங்குகிறவர், போகிற இடத்தில் காதில் விழுந்ததை என் பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்தார். ஊர் எல்லை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். ஏறிப் போனால் சர்க்கார் ஆள் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்களாம். பெரிய மனிதர்களிடம் அவர் எதையும் கேட்டதே இல்லை. "நடந்ததைப் பெரிய மனுஷன்கிட்டக் கேக்காதீங்க ஆசிரியரே. அது நடந்ததால யாருக்கு வேலை வந்துச்சோ, அவன்கிட்டக் கேளுங்க" என்பார்.

கெங்கவல்லிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்டி முடித்துவிட்டதாகக் காகிதத்தில் இருந்தது. கட்டடத்தைக் காணோம். போன வருஷ மழையில் விழுந்துவிட்டது என்று ஊரே ஒரே குரலில் சொல்லிற்று. இவர் செங்கல் காளவாய்க்காரரிடமும் சுண்ணாம்பு வண்டி ஓட்டுகிறவரிடமும் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அந்த ஊருக்கு ஒரு நடை கூட அடித்ததில்லை. எழுப்பாத சுவர் எந்த மழையில் விழும்? செய்தி வெளிவந்தது. ஒருவரையும் தண்டிக்கவில்லை, ஆனால் அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. எங்களுக்குக் கிடைத்த வெற்றி என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

இனி, சொல்ல வேண்டியது.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம். மோகனூருக்கு மேற்கே, காவிரிக் கரையில் ஓர் ஊர். பெயர் வேண்டாம்; ஒரு முறை அச்சில் போட்டதே போதும். மாட்டுச் சந்தை கூடுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அங்கே வாந்திபேதி வந்துவிட்டது. காலரா என்று மேலே தெரிந்தால் சந்தையைத் தடுத்துவிடுவார்கள். குத்தகைக்காரருக்கு அது ஆகாது. எருது விற்றுக் கல்யாணம் வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கும் ஆகாது. ஆகவே மணியக்காரரின் மரணப் பதிவில் காய்ச்சல், முதுமை என்று எழுதி, பெரும்பகுதியை எழுதாமலும் விட்டார்கள். நாலு ஜில்லாவிலிருந்து ஜனம் அந்தத் தண்ணீரைக் குடிக்க வரப்போகிறது என்பதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

மீரான் சாயபு ஒரு வாரத்தில் அந்தப் பக்கத்து மூன்று ஊர்களில் சவரம் செய்துகொண்டு, தாடையெல்லாம் எரிச்சலோடு வந்து சேர்ந்தார். பாய்க்கு நிக்காஹ் ஏதாவது நிச்சயமாகியிருக்கிறதா என்று ஆபீஸில் எல்லோரும் கேலி செய்தோம். அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார். கொள்ளி வைக்கிற மகனுக்கு மொட்டை போடுவது நாவிதர். பதிவில் சாவை மறைக்கலாம், சிரைத்த தலையை மறைக்க முடியாது. மூன்றாவதாகப் போன அந்தக் காலரா ஊரில் வையாபுரி என்ற நாவிதர் பதினான்கு தலை என்று சொல்லியிருக்கிறார். பதிவில் இருந்தது இரண்டு. வையாபுரி என்பதும் நான் வைத்த பெயர். உண்மைப் பெயரை அச்சில் போட எனக்கு யோக்கியதை இல்லை.

"இது உங்க காதுக்கு மட்டும். எழுத்துல வேண்டாம்" என்றார் மீரான் சாயபு. அவர் எழுதிக் கொடுத்ததில், சாவுகள் மறைக்கப்படுவதாக நம்பகமாகத் தெரிகிறது என்று மட்டும் இருந்தது. சப்பென்று இருந்தது. எனக்கோ அந்தப் பதினான்கு தலை மண்டைக்குள் குடைந்தது. இருபது வருஷப் பத்திரிகைத் தொழிலில் அப்படி ஒரு தடயம் என் கைக்கு வந்ததில்லை. அவர் தோல் வாங்கப் பவானிப் பக்கம் போயிருந்த நேரத்தில், அச்சுக்குப் போகும் முன் நானே ஒரு வரி சேர்த்தேன்: "ஊர் நாவிதர் ஒருவர், இரண்டு வாரத்துக்குள் பதினான்கு பேருக்குக் கர்மத் தலை சிரைத்ததாக நமது நிருபரிடம் கூறுகிறார்."

பெயர் போடவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் சேலத்தில் பிறந்தவன். எங்கள் தெருவிலேயே மூன்று சவரக் கடை. 'ஒருவர்' என்று எழுதினால் ஆள் கூட்டத்தில் மறைந்துவிடுவார் என்பது என் புத்தி. அந்த ஊருக்கு நாவிதர் ஒரே ஒருவர்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் போட்ட அந்த 'ஒருவர்', அந்த ஊரில் அவர் பெயரும், தகப்பன் பெயரும், வீட்டு அடையாளமும் போட்டதற்குச் சமம்.

மீரான் சாயபு பத்திரிகையைக் குமாரபாளையத்தில் ஒரு டீக்கடையில் பார்த்திருக்கிறார். நேரே ஆபீஸுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்த ஊர்ல எத்தனை நாவிதருன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே, ஆசிரியரே" என்றார். அவ்வளவுதான். உடனே நாமக்கல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அவர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. மணியக்காரரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, குத்தகைக்காரரையும் கேட்கவில்லை. வையாபுரியின் அடப்பப் பையைக் கத்தியோடும் கிண்ணியோடும் வாய்க்காலில் எறிந்திருந்தார்கள். களத்தில் இனி அவருக்குத் தானியம் அளப்பதில்லை, நல்லது கெட்டதுக்கு வெளியூர் ஆளைக் கொண்டு வருவது என்று கட்டுப்பாடு. கைக்குழந்தையோடு பெண்சாதி வேலியோரம் நிற்க, வையாபுரி சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாராம். "உங்களை நம்பித்தானுங்க சொன்னேன்" என்றாராம் இவரைப் பார்த்து.  மீரான் சாயபு மூட்டையைத் தூக்கக் கை நீட்டியதற்கு, "தொடாதீங்க" என்றுவிட்டாராம்.

அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். சாவே இல்லை என்று ஊர் சத்தியம் செய்தது. சந்தை நடந்தது. சந்தை முடிந்து ஜனம் நோயையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போன பிறகு ஊசி போட ஆள் வந்தது. குத்தகைக்காரர் எங்கள் மேல் வழக்குப் போட்டார். சாட்சி சொல்ல வையாபுரியைக் கூப்பிடலாம் என்றார் எங்கள் வக்கீல். "அவனை இன்னொரு தரம் விக்க மாட்டேன்" என்றார் மீரான் சாயபு. தோற்றோம். பத்திரிகை போயிற்று. அதற்காக நான் இன்று வரை வருந்தியதில்லை.

அதன் பிறகு வேறு பத்திரிகைகளுக்கு எழுதினார். எப்போதாவது பார்த்தால் ஊர்ச் சங்கதி சொல்வார். யார் சொன்னது என்று மட்டும் என்னிடம் சொல்லவே மாட்டார். நானும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

வையாபுரி சேலத்துக்கே வந்து, செவ்வாய்ப்பேட்டையில் மரத்தடியில் பெட்டி வைத்து உட்கார்ந்தார். மீரான் சாயபு மாதம் ஒரு முறை அங்கே போய்த்தான் சவரம் செய்துகொள்வார் என்று பின்னால் தெரிந்தது. எழுதினது நீங்கள் அல்ல என்று ஏன் பாய் சொல்லவில்லை என்று ஒருநாள் மனசு பொறுக்காமல் கேட்டேன். "அவன் பத்திரிகைகிட்டச் சொல்லலீங்க. எங்கிட்டச் சொன்னான்" என்றார். 

வையாபுரியிடம் நானே போய்ச் சொல்லியிருக்கலாம். வழக்கு நடக்கிறதே என்று முதலில் ஒரு சாக்கு. வழக்கு முடிந்ததும், பாயே சொல்லாததை நான் சொல்வானேன் என்று இன்னொரு சாக்கு. ஆத்தூருக்குக் குடிபோனதும் தூரம் ஒரு சாக்காயிற்று. அடுத்தவரின் மறைப்பையெல்லாம் தோண்டி எடுத்து அச்சில் போட்டவன் நான். என்னுடையதைப் பத்து வருஷம் பத்திரமாக மூடி வைத்திருந்தேன்.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வையாபுரிக்கு மயிர் நரைத்திருந்தது. என்னை அவருக்குத் தெரியாது. மீரான் சாயபுவின் சிநேகிதன் என்று சொன்னதும், "பாய் இந்த மாசம் வரலீங்களே சாமி" என்றார். செத்துப்போனது அவருக்குத் தெரியாது. சொன்னேன். அந்த வரியை எழுதியவன் நான் என்பதையும், அதை எழுத வேண்டாம் என்று மீரான் சாயபு சொல்லியிருந்ததையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் கத்தியைத் துடைத்து மடக்கினார். 

"பத்து வருசமுங்க" என்றார். "மாசாமாசம் வந்து முகத்தை நீட்டுவாரு. நானு செரைச்சு உடுவேன். நல்லா இருக்கறீங்களான்னு நானு ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க. கத்தி பட்டு ரத்தம் வந்தாக்கூடக் கேட்டதில்ல. அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க. அதையும் நீங்களே எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டேன். மீரான் சாயபுவை அறிந்தவர்களே, அவருடைய நேர்மையையும் துணிச்சலையும் நீங்கள் மேடையில் பங்கு போட்டுக்கொண்டுவிட்டீர்கள். எனக்கு மிஞ்சியது, எனக்குப் பதிலாக அவர் சுமந்த பழியும், அந்த மரத்தடியில் அவர் வாங்கிக்கொண்ட பத்து வருஷத்து மௌனமும். இரண்டும் என்னுடையவை. அவர் உயிரோடு இருந்தபோதே நான் போய் வாங்கியிருக்க வேண்டும்.