நாற்பத்தொரு சலூன்களும் ஒரு சிபாரிசுக் கடிதமும்

பொருளாதாரத் துறையில் அவனை எல்லாரும் அடிக்குறிப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய அறிஞர் ஒருவர் தம் கட்டுரையின் முதல் பக்க அடியில், பொடி எழுத்தில் இருபத்து மூன்று பேருக்கு நன்றி சொல்லியிருந்தார். அதில் பத்தொன்பதாவது ஆள் இவன். அந்தப் பக்கத்தை நகலெடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவைத்தான். காலையில் ஒட்டினான், மாலைக்குள் பெயர் வந்துவிட்டது.

துறை இருந்தது மூன்றாவது மாடியில். இரண்டாவது மாடி முழுக்கப் பல் மருத்துவமனை. மேலே கருத்தரங்கில் யாராவது சமன்பாட்டை விளக்க ஆரம்பித்தால், கீழே பல் குடையும் எந்திரமும் சுழல ஆரம்பிக்கும். வலி எதிலிருந்து வருகிறது என்று உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. ஆராய்ச்சி மாணவர்கள் மொத்தம் பதினொரு பேர். இதையெல்லாம் வெளியே சொல்லிக்கொள்ள அவனுக்குக் கூச்சம். மாநாடுகளுக்குப் போனால் கழுத்தில் தொங்கும் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வான். தான் யாரென்று தெரியாமல் போனாலும் பரவாயில்லை, எங்கிருந்து வருகிறான் என்று தெரியக் கூடாது.

இரண்டாம் ஆண்டு முடியும்போது முடிவெடுத்தான். இன்னொரு நகரத்தில் இருக்கிற பெரிய துறைக்கு மாறிவிட வேண்டும். அக்கா வீட்டில்தான் குடியிருந்தான். துணி திருத்தித் தைக்கும் கடை வைத்திருந்த அக்காவிடம் முதலில் சொன்னான்.

"அங்க போய் என்ன படிக்கப்போற?"

"பொருளாதாரம்தான்."

"இங்க என்ன படிக்கிற?"

"பொருளாதாரம்."

அக்கா வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள். "அப்ப துணி அதேதான், லேபிள் மட்டும் மாத்தணும்ங்கற. இதுக்கு எதுக்குடா ரெண்டு வருஷம் முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்ச? அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷ வேலையாக அது இல்லை. விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்க வேண்டும். அதற்காகக் கணிதத் துறையில் போய் முதலாண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தான். முதல் நாளே பக்கத்துப் பெண் எழுந்து நின்று, "சார், பாடம் எடுக்க வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். முட்டி இடிக்கும் அந்தச் சின்ன மேசையில் ஆறு மாதம் உட்கார்ந்து, அவளைவிட நான்கு மதிப்பெண் குறைவாக வாங்கினான். நுழைவுத் தேர்வையும் மறுபடி எழுதினான். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டான். கடைசியாக நின்றது ஒன்றுதான்: விட்டுப்போகிற துறையின் பேராசிரியரே சிபாரிசுக் கடிதம் தர வேண்டும். கட்டிய மனைவியிடமே நற்சான்று வாங்கிக்கொண்டு அடுத்த பெண் பார்க்கப் போகிற காரியம்.

பேராசிரியர் மேடத்தின் அறைக் கதவைத் தட்டிவிட்டு மூன்று நிமிடம் வானிலை பேசினான்.

"போகணும்ங்கற. அதானே?" என்றார் மேடம். "போ. நானா கட்டிப் போட்டிருக்கேன்? கடிதத்தை நீயே எழுதிக் கொண்டா. நான் உப்பு காரம் பாத்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"நானேவா? என்ன எழுதறது மேடம்?"

"உண்மையை எழுது. கொஞ்சம் நல்லா எழுது."

தன்னைப் பற்றித் தானே, இன்னொருவர் குரலில் எழுதுவது லேசான வேலை இல்லை. முதல் பிரதி மிகவும் அடக்கமாக வந்தது: "இவர் நேரத்துக்கு வருவார்." இரண்டாவதில் "அறிவுக்கூர்மை" என்ற சொல் எட்டிப் பார்த்தது. நான்காவது பிரதியை வாசித்தபோது, இப்படிப்பட்ட மாணவனை இழக்கப் போகிறாரே என்று மேடத்தின் மேல் அவனுக்கே இரக்கம் வந்துவிட்டது.

அந்த நான்காவது பிரதியில்தான் சலூன்கள் வந்தன.

அவனுடைய ஆராய்ச்சி, ஊரில் இருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு சலூன்களின் விலைகளைப் பற்றியது. ஒரு சலூன் மூடினால் ஏழே நாளில் அதே தெருவில் இன்னொன்று முளைக்கிறது என்று கண்டுபிடித்தான். சந்தையின் மகத்தான விதி ஒன்று தன் கையில் சிக்கிவிட்டதாக ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எதிர் மேசையில் இருந்த சீனியர்தான் அவன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்த மூடின கடைக்கும் அந்தத் திறந்த கடைக்கும் ஒரே போன் நம்பர் இருக்கே, பாத்தியா?" என்று கேட்டாள். அவன் பார்த்திருக்கவில்லை. எந்தக் கடையும் மூடவில்லை, பெயர்ப் பலகையைத்தான் மாற்றியிருந்தார்கள். அப்படி நாற்பத்தொரு கடைகள்.

நாற்பத்தொன்றுக்கும் போன் போட்டு விசாரித்தவளும் சீனியர்தான். அவளுக்கு அது ஆறாவது ஆண்டு, சொந்த ஆராய்ச்சியே கழுத்து வரை கிடந்தது. இருந்தும் மூன்று வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், "அண்ணா, முன்னாடி வேற பேர்லதானே கடை இருந்துச்சு? அப்ப என்ன விலை?" என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். ஒரு கடைக்காரர், "இவ்வளவு கேட்டீங்களே, முடி வெட்டிக்க எப்பம்மா வர்றீங்க?" என்றாராம். பெயரை மாற்றுகிறவர்கள் விலையை ஏற்றுகிறார்கள் என்ற புது உண்மை அவள் எழுதிய அந்தத் தாள்களிலிருந்துதான் கிடைத்தது. கட்டுரை பிழைத்தது.

கடிதத்தின் நான்காவது பிரதியில், "சக மாணவி ஒருவரின் உதவியோடு பிழையைக் கண்டுபிடித்தார்" என்று முதலில் எழுதினான். கடிதம் மூன்றாம் பக்கத்துக்கு வழிந்தது. இரண்டு பக்கத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பெரிய துறையின் விதி. எதை எடுக்கலாம் என்று நேர்மையாக யோசித்தான். "அறிவுக்கூர்மை"யை எடுக்க மனம் வரவில்லை. சக மாணவியை எடுத்தான். எடுத்த இடத்தில் கொஞ்சம் காலியிடம் தெரிந்ததால் "தன்னந்தனியாக" என்று ஒரு சொல்லை வைத்து நிரப்பினான். மேடத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினான்.

மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடிதமானாலும் கையெழுத்துக்கு முன் எழுத்துப்பிழை பார்க்கச் சீனியரிடம் கொடுத்துவிடுவார். துறையில் பத்துப் பேருக்கு இது தெரியும். தெரியாத பதினோராவது ஆள், மறுநாள் காலையில் விசிலடித்துக்கொண்டே அறைக்குள் வந்தான்.

சீனியர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். மேசையில் இரண்டு பக்கக் கடிதம். விசில் பாதியில் நின்றது.

"வா வா. உன்னோடதுதான் பாத்துட்டிருக்கேன்." அவள் நிமிரவில்லை. "இங்க 'தன்னந்தனியாக'ன்னு வருது. மூணு வரிக்கு மேலயே 'தனியாக'ன்னு இருக்கு. ஒண்ணை எடுத்துடவா?"

காது சுட்டது. "சீனியர், அது வந்து... மேடம்..."

"மேடம் எங்க எழுதறாங்க? என்னோடதையும் நான்தான் எழுதினேன்." அவள் அந்த ஆண்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள், பன்னிரண்டு இடங்களுக்கு. "என்னோடதுலயும் இந்த சலூன் விஷயம் ஒரு பத்தி இருந்துச்சு. ஒரே ஆள் கையெழுத்துப் போட்ட ரெண்டு கடிதத்துல ரெண்டு பேர் ஒரே வேலையைச் செஞ்சிருந்தா, மேடம் பேருக்குத்தான் அசிங்கம். அதான் என்னோடதுலேர்ந்து எடுத்துட்டேன். எனக்கு வேற விஷயம் இருக்கு, பரவால்ல."

கோபித்திருக்கலாம். நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் ஒரு காற்புள்ளியைத் திருத்தி, தாளை நீட்டினாள். "மத்தபடி நல்லா வந்திருக்கு."

தாளை வாங்கிக்கொண்டு நேராக மேடம் அறைக்குப் போனான். மேடம் கணினியில் பெரிய துறையின் படிவத்தைத் திறந்துவைத்திருந்தார்.

"வா. இவன் முதல் ஒரு சதவீதத்துல வர்றான்னு எழுதியிருக்க. நம்மகிட்ட இருக்கறதே பதினொரு பேர். அதுல ஒரு சதவீதம்னா உன் கட்டைவிரல் மட்டும்தான் வரும். மிச்சத்தை எங்க வைக்க?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். "மேடம், சலூன் பிழையை நான் கண்டுபிடிக்கல. போனும் நான் பண்ணல. எல்லாம் சீனியர்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும். அந்த மூணு வாரமும் அவ சாப்பிடாம போன்ல கத்தினது என் அறை வரைக்கும் கேட்டுச்சு. நீ எழுதினதைப் படிச்சப்ப, ஒருவேளை உனக்குக் கேக்கலையோன்னு நெனச்சேன்."

அவன் தரையைப் பார்த்தான். தரை தேய்ந்த தரை, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"எழுதிக் கொண்டா, மறுபடியும்."

மறுநாள் எழுதி முடித்த புதிய கடிதம் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது. பிழையைக் கண்டுபிடித்ததும் நாற்பத்தொரு கடைகளுக்கும் பேசியதும் சக மாணவி என்று எழுதினான். சதவீதக் கட்டத்தில் மேடம் இருபத்தைந்தில் குறியிட்டார். "ரெண்டே முக்கால் பேர் வர்றாங்க. அந்த முக்கால் நீ" என்று ஆறுதலும் சொன்னார்.

ஓடிப்போய்ச் சீனியரிடம் சொன்னான். "உங்க பத்தியைத் திருப்பிச் சேத்துடுங்க. என்னோடதை மாத்திட்டேன்."

"அய்யோ, மூணு இடத்துக்கு நேத்தே போயிடுச்சேடா. முதல் கெடு அதுகளுக்குத்தான்." கொஞ்சம் யோசித்தாள். "மிச்சம் ஒம்பதுக்குச் சேத்துக்கறேன், விடு."

போன மூன்றில் ஒன்று அந்தப் பெரிய துறை. அடுத்த மாதத்திலேயே மூன்று இடங்களிலிருந்தும் அவளுக்கு 'வேண்டாம்' வந்துவிட்டது. அந்த ஒரு பத்தி இருந்திருந்தால் வந்திருக்காதா? பொருளாதாரத்தில் இதைக் கணக்கிட முறைகள் உண்டு. மூன்றே மூன்று தரவை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் அந்த முறைகளெல்லாம் ஒருமனதாகச் சொல்வது. அவன் அதைப் பல முறை கணக்கிட்டுப் பார்த்தான்.

ஒரு காலையில் பெரிய துறையிலிருந்து அவனுக்குப் போன் வந்தது. தேர்வுக் குழுவின் தலைவரே பேசினார். எதிர் மேசையில் சீனியர் காதில் ஒயரோடு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"உங்க கட்டுரை படிச்சேன் தம்பி, கடிதமும் படிச்சேன். நாப்பத்தொரு கடைக்கும் போன் பண்ணாங்களே ஒரு மாணவி, யாரு அது? வேலை தேடறாங்களா?"

"தேடறாங்க சார்."

"அப்ப ஏன் எங்களுக்கு விண்ணப்பிக்கல?"

"விண்ணப்பிச்சாங்க சார். போன மாசம் நீங்க வேண்டாம்னுட்டீங்க."

தாள் புரளும் சத்தம். "ஆமா, இருக்கு. ஆனா அவங்க கடிதத்துல இந்த சலூன் கதையே இல்லையே. ரெண்டும் ஒரே பேராசிரியர் கொடுத்ததுதானே? ஏன் விட்டுட்டாங்க?"

கீழே எந்திரம் சுழல ஆரம்பித்தது. 'தெரியலை சார்' என்றால் போதும். இரண்டு சொல். இரண்டு வருடமாக ஏங்கிய இடம் அந்த இரண்டு சொல்லுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"அப்ப அது என் கடிதத்துல இருந்துச்சு சார். நான் செஞ்ச மாதிரி எழுதி வச்சிருந்தேன். அதனால அவங்க எடுத்துட்டாங்க."

சீனியர் ஒரு காதிலிருந்து ஒயரை உருவினாள். மறுமுனையில், "ஓ" என்றார் தலைவர். பிறகு, "சரி, பாக்கலாம்" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து, காலையில் அவனுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. இந்த ஆண்டு இடமில்லை, வாழ்த்துகள். மதியம், அன்று தலைவர் பேசிய அதே எண்ணிலிருந்து போன் வந்தது. சீனியரிடம் பேச முடியுமா என்று கேட்டார்கள்.

இரண்டு மேசைக்கும் நடுவே போனை நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்து, பேச்சு காதில் விழுந்துவிடக் கூடாது என்று ஒரு மாடி கீழே இறங்கிப் படிக்கட்டில் நின்றான். கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கும் பல்லா தம்பி?"

"ஆமாங்க" என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தான்.