லாரியில் படுத்துவிட்ட எருமை

போன வாரம் எனக்கு ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான்... சிரிக்காதீர்கள்.

தாராவியில் கூடை சுமந்து எருமைக்கறி விற்றவன், இன்று பெரிய ஓட்டல்களுக்கு சப்ளை செய்கிறேன். யார் தயவும் இல்லாமல். அப்படிப்பட்ட எனக்கு, மாட்டை நடத்துவது எப்படி என்று ட்ரெயினிங்! கறி வாங்கும் கம்பெனி கட்டாயம் என்றது. போனேன்.

வகுப்பெடுத்தவர் மராட்டி டாக்டரம்மா. வாலை முறுக்காதே, ஊசியைக் கழுத்தில் போடு, அடித்தால் அந்த இடத்துக் கறி கன்றிப்போகும் – எனக்குத் தெரியாததா? ஆனால் ஒன்று மனதில் ஒட்டிக்கொண்டது. விழுந்த மாட்டை இழுக்காதே. அதற்கு நேரம் கொடு.

மறுநாளே சோதனை வந்தது. தாணேயில் நம் கொட்டகைக்கு லாரி வந்து நின்றது. எல்லா எருமையும் இறங்க, ஒன்று மட்டும் படுத்துக் கிடந்தது. டிரைவர் சுலைமான், நம் ஊர்ப் பையன்தான், காலில் கட்டி இழுக்கக் கயிற்றோடு ஏறிவிட்டான். அப்படி இழுத்துக் கால் முறிந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

"ஏலே, எறங்கு."

"இன்னொரு டிரிப் இருக்கு மாமா, ஜல்தி போவணும். வேணும்னா ஒங்க சர்டிபிகேட்ட அதுக்கிட்டக் காட்டுங்க, எந்திச்சாலும் எந்திக்கும்."

"வாய மூடிட்டு வைக்கோலப் போடுல."

கால் வழுக்காமல் வைக்கோல் பரப்பினோம். முகத்தருகே ஒரு வாளி தண்ணீர். வெயில் படாமல் தார்ப்பாயை இழுத்துவிட்டோம். பிறகு?

சும்மா நின்றோம். சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கை பரபரத்தது. எழாமலே போய்விட்டால் என்ன செய்வது... வாய்க்குள்ளேயே துவா ஓதினேன்.

எருமை தண்ணீரை உறிஞ்சியது. பெருமூச்சு விட்டது. அப்புறம் பின்னங்கால்களை ஊன்றி, ஒரு குலுங்கு குலுங்கி, எழுந்து நின்றது. சுலைமானை இடித்துத் தள்ளிக்கொண்டு பலகை வழியே தானே இறங்கிப் போனது. நொண்டல் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். நான்தான் லாரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சுலைமான் விடவில்லை. "நாளைக்கு அறுக்கப்போறதுக்கு இவ்வளவு மரியாதயா மாமா?"

"அறுக்கது நாளைக்குத்தானல. இன்னைக்குக் கால் ஒடிஞ்சா இன்னைக்குல்லா வலிக்கும்."

அவன் கயிற்றைச் சுருட்டி சீட்டுக்கடியில் போட்டான்.

கத்திக் கத்தியே முன்னுக்கு வந்தவன் நான். இப்போது சொல்கிறேன் – சும்மா நிற்பதிலும் என்னை அடித்துக்கொள்ள இந்த பம்பாயில் ஆள் கிடையாது.