இருமச் சொல்லும் மரியநாயகி

ஆஸ்பத்திரியின் நெஞ்சு வாட்டில் மரியநாயகிக்குப் பத்தொன்பது வருட வேலை. கூட்டுவது, துடைப்பது எல்லாம் அற்றென்டன் வேலைதான். ஆனாலும் உண்மையான வேலை, நெஞ்சைக் கிழித்துத் தைத்தவர்களின் காயத்தில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இருமுங்கோ இருமுங்கோ என்று கெஞ்சுவது. இருமாவிட்டால் உள்ளே சளி கட்டும், காய்ச்சல் வரும், ஆள் தப்பாது. இருமினால் காயம் வலித்து உயிர் போகிற நோ. யார்தான் இருமுவார்கள்? எழுபத்தொன்பதாம் ஆண்டில் அவளுக்குக் குனிந்து குனிந்து நாரியும் முறிந்து, கெஞ்சிக் கெஞ்சி மனமும் அலுத்துவிட்டது.

அந்த வருடந்தான் டொக்டர் ஒரு பெட்டி கொண்டுவந்தார். கையிலும் காலிலும் தலைமுடி மாதிரி மெல்லிய ஊசிகளைக் குத்தி, வயர் மாட்டி, பற்றரியால் கொஞ்சமாய் மின்சாரம் விடுவார். சதை துடிக்கும், அரை மணித்தியாலத்தில் நோ அடங்கும். மரியநாயகி முதலில் நம்பவில்லை. நாலு பேர் எழும்பியிருந்து இருமிய பிறகு நம்பினாள்.

ஐந்தாவது ஆள் கோப்பாய் மீனாம்பிகை. நுரையீரலில் ஒரு துண்டு வெட்டி எடுத்திருந்தார்கள். இருமல் தொடங்கின உடனே, ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் வருத்தம் மாத்திரையோடு போயிருக்கும் என்று டொக்டர் ஏசினார். புருஷனுக்கு மன்னாரில் வேலை. மாமனார் ஆழ்வாப்பிள்ளைதான் துணை. பெண்கள் வாட்டு என்பதால், கட்டிலைச் சுற்றிய துணி மறைப்புக்கு வெளியே, முதுகைத் திருப்பிக்கொண்டு நாள் முழுக்க ஸ்டூலில் இருந்தார். நல்ல மனிசன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் தொடங்கியது. ஊசி குத்தி, பெட்டியைத் திருகி, அரை மணித்தியாலம் விட்டார்கள். நோ குறைந்ததோ என்று கேட்டால் ஓம் என்று தலையாட்டினாள். இருமச் சொன்னால் பூனைக்குட்டி மாதிரி ஒரு செருமல். பின்னேரத்துக்குள் சளி வராவிட்டால் திரும்பவும் ஒப்பரேஷன் தியேட்டருக்குத்தான் என்று சொல்லிவிட்டு டொக்டர் போனார். இன்னொருமுறை மயக்கினால் இந்த உடம்பு தாங்காது என்று மரியநாயகிக்குத் தெரியும்.

ஏசக்கூடத் தெம்பில்லாமல் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள். "நோ இல்லையெண்டால் ஏன் பிள்ளை இருமிறாயில்லை?"

மீனாம்பிகையின் கண் மறைப்புப் பக்கம் போனது. அதன் அடியில் ஆழ்வாப்பிள்ளையின் செருப்புத் தெரிந்தது.

"மாமா இருக்கிறார்," என்றாள் மெல்ல.

மரியநாயகிக்குக் கோபம் கோபமாய் வந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு காரணத்தை அவள் கேட்டதில்லை. இதற்கு எந்த ஊசியை எங்கே குத்துவது? எழும்பிப் போய், ஆஸ்பத்திரிக் கேற்றடியில் இளநீர் வாங்கிவரும்படி கிழவரிடம் சொன்னாள். தனக்கும் ஒரு வேலை கிடைத்ததே என்று அவர் சந்தோஷமாகப் போனார்.

"மாமா வெளியிலை போட்டாரோ?"

"போட்டார். இரும்."

தலையணையை அழுத்திப் பிடித்தாள். மீனாம்பிகை இருமினாள். வாட்டே திரும்பிப் பார்க்கிற இருமல். ஒன்று, இரண்டு, பிறகு நிற்கவில்லை. சளி கட்டி கட்டியாய் வந்தது.

சளிக் கிண்ணத்தோடு மரியநாயகி வெளியே வந்தபோது ஆழ்வாப்பிள்ளை இளநீரோடு வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாய் நின்றாரோ.

"உது எங்கடை மருமோளோ இருமினது?"

"ஓம் ஐயா. இனிப் பயமில்லை."

அவர் முகம் தெளியவில்லை. "பதினொரு வருசமா எங்கடை வீட்டிலை இருக்கிறாள். அவள் இருமி நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்," என்றார்.

இளநீரை மரியநாயகியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், மருமகளைப் பார்க்காமல், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு விறாந்தையின் மற்றத் தொங்கலுக்கு, ஆகக் கடைசிக்கு, நடந்தார்.