மாட்டுக்குப் பின்னால் போன ஞாயிறு

மாட்டின் பின்பக்கத்தைத் தொட்டுக் கும்பிடப் போய்ச் சாணிக்குள் காலை வைத்தவன் நான். ஐம்பத்திமூன்று வயதில், பலெர்மோவில், புதுச் சப்பாத்தோடு. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு முன் செய்தது இதைவிட வெட்கம்.

பொலிதேயாமாப் பக்கம் ஒரு மாடிவீட்டில் வயதான இத்தாலியர் ஒருவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை; ‘சிஞ்ஞோர்’, ஐயா, என்றுதான் கூப்பிடுவேன். சக்கர நாற்காலிதான் அவருக்குக் கால். அவருடைய தகப்பன் மாடு வளர்த்தவர், சிவப்பு மாடுகள். ஊருக்கு வெளியே விவசாயக் கண்காட்சி நடக்கப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து, ஒருக்கால் கூட்டிக்கொண்டு போ என்று என்னைக் கேட்டபடி இருந்தார். நானும் தலையாட்டினேன். எங்கள் ஊர்த் தலையாட்டலுக்கு எந்த அர்த்தமும் எடுக்கலாம். அவர் ‘ஓம்’ என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை எனக்குப் பஞ்சி பிடித்தது, உடம்பு வளையவில்லை. புல்லுக்குள் நாற்காலி தள்ள வேண்டும், மருந்து, மாற்று உடுப்பு எல்லாம் காவ வேண்டும். மன்னார்க் கூட்டாளி ஒருவனும், கண்காட்சிக்குப் போகிற தன் வான் வண்டியில் ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது என்று சொல்லியிருந்தான்.

“கண்காட்சியை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப் போட்டிட்டினம், சிஞ்ஞோர்,” என்றேன். முகம் வாடியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒன்று கூடுதலாகவும் சொன்னேன்: “தொப்பியை எடுத்து வெளியிலை வையுங்கோ. அடுத்த கிழமை கட்டாயம் போவம்.”

அலுமாரியிலிருந்து தொப்பியை எடுப்பித்து, தூசி தட்டி, கதவடிக் கொளுவியில் மாட்டுவித்தார்.

ஞாயிறு காலை அவருடைய மகள் வந்து அவருடன் இருந்தா. நான் பஸ் ஏறி பிரான்காச்சோவில் இறங்கி, கூட்டாளியின் வானில் தொற்றிக்கொண்டேன். குறை சொல்லக்கூடாது, நல்ல நாள். சூடு ஆறாத ரிகொத்தாப் பாற்கட்டியை இரண்டு தரம் வாங்கித் தின்றேன். உழவு இயந்திரத்தில் ஏறியிருந்து படம் எடுத்தேன். மனச்சாட்சி கொஞ்சம் முனகியது. அதற்கும் ஒரு துண்டு பாற்கட்டி கொடுத்தேன்.

பிறகு அந்தச் சிவப்பு மாடுகள். ஆறு நின்றன. எனக்குக் கை தானாகப் போனது. சுற்றிப் பின்பக்கம் வந்தேன்.

“டேய் மச்சான், முகம் அங்கையடா இருக்கு!” என்றான் கூட்டாளி. அவன் வேதக்காரன், கோயில் என்றால் மாதா கோயில்.

“உனக்கு விளங்காது. லட்சுமி இருக்கிறது இந்தப் பக்கம்.”

தொட்டேன், கண்ணில் ஒற்றினேன். ஓர் அடி பின்னால் வைத்தேன். சப்பாத்து புதைந்தது. மாட்டுக்காரர் என்னை மிருக வைத்தியர் என்று நினைத்தாரோ தெரியாது, மரியாதையாகக் கொஞ்சம் வைக்கோல் நீட்டினார்.

துடைத்தேன், புல்லில் தேய்த்தேன், போய்விட்டது என்றே நம்பினேன். பின்னேரம் வீடு திரும்பியதும் மகள் வெளிக்கிட்டுப் போனா. நான் வழக்கம்போல் சப்பாத்தைக் கதவடியில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். இத்தாலியர் யாராவது என்றால் சப்பாத்துக் காலோடேயே உள்ளே நடந்து தப்பியிருப்பார்கள். எனக்கு அந்தப் புத்தி வராது, பிறந்ததிலிருந்து பழக்கம்.

தேத்தண்ணியோடு வெளியே வந்தபோது அவர் நாற்காலியைத் தானே உருட்டிக் கதவடிக்குப் போயிருந்தார். ஒரு சப்பாத்து அவர் மடியில் கவிழ்ந்து கிடந்தது. மேலே தொப்பி தொங்கியது.

“சிவப்பு மாடே?” என்றார்.

“ஓம்.”

“எத்தனை?”

“ஆறு.”

“கொம்பு?”

“நீளம். கறுப்பு நுனி.”

தலையை ஆட்டினார். கோபிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். சப்பாத்தை என்னிடம் நீட்டினார்.

“ஏலாதெண்டு சொல்லியிருக்கலாம். தொப்பியை எடுக்கச் சொல்லியிருக்கக் கூடாது.”