அக்காவின் தையல் மிஷினும் என் கம்ப்யூட்டரும்

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தேன். அலுவலகத்துக்குப் புதிய கம்ப்யூட்டர்கள் வந்தபோது, பழையதை வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம் என்றார் மேலாளர். கை தூக்கியது நான் ஒருத்திதான். டைப்பிஸ்டுகளுக்கு இனி எத்தனை நாள் வேலை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். நான் மாலை வகுப்பில் புரோகிராமிங் படிக்கச் சேர்ந்திருந்தேன். கடைசியில் சொந்தமாக ஒரு புராஜெக்ட் செய்து கொடுக்க வேண்டும். வகுப்பில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு எப்போதும் வரிசை.

டாக்சியின் பின் இருக்கையில் அதை உட்காரவைத்து, தோ பாயோவில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் அக்காவும் நானும் மட்டும்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அக்கா ஹாலில் மோட்டார் வைத்த தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, தேக்காவில் இருந்த ஒரு துணிக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். அவள் மிஷினுக்கு எதிர்ச் சுவரோரம், தரையை ஒட்டிய சின்ன மேசையில் கம்ப்யூட்டரை வைத்தேன். ஹாலில் வேறு இடம் இல்லை. நீள வயர் இழுத்து இரண்டுக்கும் ஒரே பிளக்.

முதல் சில மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு மாலை, தட்டிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. ஒரு பீப். மூலையில் பச்சை எண்கள் ஏற ஆரம்பித்தன. யாரோ அணைத்துப் போட்டதைப் போல கம்ப்யூட்டர் முதலிலிருந்து தொடங்கியது. நான் எழுதியிருந்த பக்கம் போயிற்று. மறுநாளும் அப்படியே. சில நாள் ஒரே மாலையில் பல தடவை.

"என்னடி, மறுபடியுமா?" என்பாள் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை செய்தார். அவரிடம் சொன்னேன்.

"வீட்ல அதே பிளக்ல மோட்டார் ஏதாச்சும் ஓடுதா? மோட்டார் கரண்டை இழுத்தா இது ரீஸ்டார்ட் ஆகும் லா. செக் பண்ணிப் பாருங்க" என்றார்.

சாப்பிடும்போது அதை அக்காவிடம் சாதாரணமாகத்தான் சொன்னேன். மறுநாள் வேலை முடிந்து வந்தால் ஹாலில் தையல் மிஷின் இல்லை. தரை விரிப்பில் அதன் கால்கள் பதிந்த தடம் மட்டும் இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு அக்கா வந்தாள்.

"கடைக்குப் பின்னால ரூம் காலியா இருக்கு, அங்கயே வந்து தைன்னு முதலாளியம்மா ரொம்ப நாளா கூப்பிட்டுட்டே இருந்தாங்க. கடை வேனை அனுப்பி ஏத்திட்டுப் போயிட்டாங்க. நீ நிம்மதியா படி."

"நிச்சயமாத் தெரியாமலே தூக்கிட்டுப் போயிட்டியே!"

"தெரியிற வரைக்கும் உன் படிப்பு கெடணுமா?"

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் போனால் கடை மூடிய பிறகுதான் அவள் வருவாள். அமைதியான வீட்டில் நான் உட்கார்ந்து தட்டினேன். திரை கறுத்தது. பீப். பச்சை எண்கள்.

அன்றே சொன்னேன். அவள் நம்பவில்லை. "எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு சொல்றே" என்று துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் தன்மேல் பழியைத் தானே போட்டுக்கொண்டு அலைவது எனக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், கோயில் சேலையைக்கூட மாற்றவிடாமல் அவளை என் எதிரில் உட்காரவைத்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். நேரம் ஆக ஆக, "நல்லாத்தானே ஓடுது" என்று எழுந்துகொள்ளப் போனாள். அப்போது கறுத்தது.

"ஐயோ, நான் எதையும் தொடலடி!"

"அதைத்தானே சொல்றேன். உன் மிஷின் இல்ல."

அதன் பிறகுதான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். மூடியைத் திறந்து, மெமரி சில்லுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தினேன். சூட்டில் அவை குழியிலிருந்து மெல்ல மேலே வந்துவிடும் என்று வகுப்பு நண்பர் சொல்லியிருந்தார். இரண்டு 'கடுக்' என்று உள்ளே இறங்கின. அதுதான் என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷம் மறுநாள் மாலை வரைதான். உள்ளே இருந்த அட்டைகளில் தேவையில்லாததைக் கழற்றிப் பார்த்தேன். வயரை மாற்றினேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பிடிபட்டது ஒரு மழை நாளில். அன்று வெகுநேரம் அது கறுக்கவே இல்லை. யோசித்துப் பார்த்தேன். போட்ட உடனே அது ஒருநாளும் அணைந்ததில்லை. ஒருதடவை அணைந்துவிட்டால் அடுத்தடுத்து அணையும். தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தால் ஒழுங்காக இருக்கும். மறுநாள் மூடியைக் கழற்றிவைத்து, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினேன். மாலை முழுக்க ஓடியது. அப்படியென்றால் சூடு. பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தேன். அலுவலகத்தில் அந்த இடத்திலிருந்து என் முழங்காலுக்கு வெந்நீர் ஆவி மாதிரி காற்று வரும். இப்போது ஒன்றுமே வரவில்லை.

"பவர் பெட்டிக்குள்ள இருக்கிற ஃபேன் சுத்தல போல" என்றார் நண்பர். "பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் விட்டுட்டுத் தொறங்க. உள்ள கரண்ட் தங்கியிருக்கும். விளையாட்டு இல்ல."

அடுத்த ஞாயிறு மதியம் அக்கா டார்ச் பிடிக்க, பெட்டியைத் திறந்தேன். அடியில் அலுவலகத்தின் சாம்பல் நிறத் தூசி. அதற்கு மேலே சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பஞ்சு பஞ்சாக நூல் பிசிறு. விசிறியின் அச்சில் நூல் இறுகச் சுற்றிக் கிடந்தது. விரலால் தள்ளினாலும் நகரவில்லை.

இத்தனை நாள் காரணம் அவள் மிஷின் இல்லை என்று சாதித்தவள் நான். டார்ச் வெளிச்சம் ஆடியது. நிமிர்ந்தால் அக்கா சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இந்தப் பச்சை போன மாசக் கல்யாண ஆர்டர்டி! கரண்டு இல்ல, நூலு! நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி."

நூல் பிரிக்கும் கொக்கியை எடுத்துவந்து, அச்சில் இருந்ததை அவளே அறுத்து அறுத்து எடுத்தாள். தூரிகையால் தூசியைத் தட்டினேன். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம். எல்லாவற்றையும் மூடி பிளக்கைப் போட்டதும் விசிறி முனகியபடி சுற்ற ஆரம்பித்தது. மறுபடி அது தானாக அணையவில்லை.

"மிஷினைக் கொண்டுவந்துடுக்கா. ரூம்ல போட்டுக்கலாம், பிசிறு இங்க வராது" என்றேன்.

அக்கா கொக்கியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "வேணாம்டி. அங்க பேச ஆள் இருக்கு. இங்க காலையில நீ கிளம்பினா சாயங்காலம் வரைக்கும் ரேடியோதான்."

எத்தனையோ வருடம் அவள் அந்த ஹாலில் தனியாகத் தைத்தாள். தைப்பது அவளுக்குப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். தனியாக இருப்பது பிடிக்குமா என்று நான் யோசித்ததில்லை.

புராஜெக்ட்டை முடித்துக் கொடுத்தேன். பாஸ் ஆனேன். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து, சொல்லாமல் தேக்கா கடைக்குப் போனேன். துணிகளைத் தாண்டி உள்ளே போவதற்குள் அக்காவின் குரல் கேட்டது. வீட்டில் நான் கேட்டிராத உரத்த குரல். ரவிக்கைக் கழுத்தை இன்னும் இறக்கச் சொன்ன ஒரு பெண்ணிடம், "அவ்வளவு இறக்கினா தோள்ல நிக்காதும்மா, அப்புறம் என்னைத் திட்டுவீங்க" என்று வாதாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இரு என்று கையைக் காட்டினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி, "பசிக்குதாடி?" என்று என்னைக் கேட்டாள்.